காணாமல் போன வை-ஃபையும் கடை வைத்திருக்கும் மச்சானும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. பல் விளக்கிய கையோடு லேப்டாப்பைத் திறந்தேன். திரையின் மூலையில் எப்போதும் விசிறி மாதிரி விரிந்திருக்குமே, வை-ஃபை படம்... அதைக் காணோம்.

சிக்னல் குறைவாக இருந்தால் பரவாயில்லை, ஜன்னலோரம் போய் உட்காரலாம். பாஸ்வேர்டு மறந்திருந்தால் பரவாயில்லை, மகளைக் கேட்கலாம். இது அதெல்லாம் இல்லை. படமே இல்லை. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால் 'வை-ஃபை' என்ற வரியே இல்லை. குடியிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போன போர்ஷன் மாதிரி அந்த இடம் சுத்தமாகத் துடைத்துக் கிடந்தது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போய் நோண்டினேன். இந்த மெஷினில் வயர்லெஸ் கார்டு எதுவும் கண்டறியப்படவில்லை என்றது லேப்டாப். நேற்று ராத்திரி வரை இருந்ததே? நேற்றைய செய்தியெல்லாம் காற்றிலா வந்தது? காற்றில்தான் வந்தது. அது வேறு விஷயம்.

சாதாரண நாளாக இருந்தால் ஒரு காபியைக் குடித்துவிட்டு, பேனாவை எடுத்துப் பேப்பரில் எழுத உட்கார்ந்திருப்பேன். ஆனால் மறுநாள் பதினொரு மணிக்கு என் மகள் கயலுக்கு இன்டர்வியூ. படிப்பை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து, பார்க்கிற கம்பெனிக்கெல்லாம் பயோடேட்டா அனுப்பிக்கொண்டிருந்த பெண்ணுக்கு முதன்முதலாக வந்த உருப்படியான அழைப்பு. ஆன்லைனில்தான். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேரைக் கொடுத்து, எங்கள் லேப்டாப்பில் போட வைத்து, புதன்கிழமையே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். இந்த மெஷின் ஓகே, வேறு மெஷினில் வரக் கூடாது, மொபைலில் வரவே கூடாது என்று கறாராக ஒரு மெயில் வேறு.

ஆக, வீட்டில் இருப்பது ஒரே மெஷின். மெஷினுக்கு ஒரே கார்டு. கார்டைக் காணோம்.

யார் செய்த வேலை இது? சொல்கிறேன், திட்டக் கூடாது.

அது பழைய லேப்டாப். விண்டோஸ் மட்டும் இருந்த காலத்தில் ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போவேன். துவட்டிக்கொண்டு வரும்போதும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். யூடியூபில் ஒரு தம்பி, "பழைய மெஷினைத் தூக்கிப் போடாதீங்க மக்களே, லினக்ஸ் போடுங்க, குதிரை மாதிரி ஓடும்" என்றார். போட்டேன். விண்டோஸை எடுக்காமல், அதன் பக்கத்திலேயே. இதற்கு டூயல் பூட் என்று பெயர். ஒரே வீடு, இரண்டு குடித்தனம். ஆன் செய்ததும் வாசலில் நிறுத்தி எந்த வீட்டுக்குப் போகணும் என்று கேட்கும். லினக்ஸ் பக்கம் நான், விண்டோஸ் பக்கம் கயல். போனில் யார் பேசினாலும் "நம்மளது டூயல் பூட்டுங்க" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது இரண்டு வீட்டிலும் வை-ஃபை இல்லை.

"இன்னாங்க பண்ணீங்க?" என்றாள் மனைவி, அடுப்படியில் இருந்தபடியே. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் அமைதியாக இருந்தாலே அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"நான் ஒண்ணும் பண்ணல. தானா போயிடுச்சி."

"தானா போறதுக்கு அது இன்னா கோழியா?"

ஒரு கையில் போன், இன்னொரு கை கீபோர்டில். உலகத்தில் என்னை மாதிரி கார்டைத் தொலைத்த புண்ணியவான்கள் எத்தனை பேர்... ஒவ்வொருவருக்கும் ஒருவர் வைத்தியம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது தப்பு என்று கீழே இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதையும் அடித்துப் பார்த்தேன். ஷட் டவுன் செய்தேன், ஆன் செய்தேன். மறுபடி ஷட் டவுன், மறுபடி ஆன். நடுவில் ஒரு தடவை பிள்ளையாரையும் கூப்பிட்டேன். அவரும் கண்டறியப்படவில்லை.

கயல் தோசைத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ப்பா, குடுப்பா. நான் பாக்குறேன்."

"நீ போய்ப் படி. இது ஹார்டுவேர் சமாசாரம்."

எனக்குத் தெரிந்த ஒரே ஹார்டுவேர், ஆணியும் பெயிண்டும் விற்கும் கடை. இருந்தாலும் அப்பா என்று ஒரு கெத்து வேண்டாமா?

எங்கள் தெரு முனையிலேயே ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இன்னும் சில. லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு, தெரு முனை வரைக்கும் போய்வருகிறேன் என்று கிளம்பினேன்.

"தெரு முனையில இன்னா?"

"சர்வீஸ் கடை."

மனைவி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்தாள். அவள் அடுப்பைச் சிம்மில் வைத்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம். "திண்டிவனத்துல என் தம்பி கடை போட்டுக்கினு குந்திக்கினு இருக்கறான். நீங்க தெரு முனைக்குப் போறீங்களா? நாளைக்கு அவன் கேட்டா நான் மூஞ்ச எங்க வெச்சிக்கறது?"

எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். சொந்தத்தில் ஒருவர் ஒரு தொழில் செய்தால் அந்த வேலைக்கு இன்னொரு வாசலை மிதிக்கக் கூடாது. உறவில் பல் டாக்டர் இருந்தால், அவர் ஊருக்குப் போய்ச் சேரும் வரை பல் வலியைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும். என் சித்தப்பா மகன் போட்டோகிராபர். அந்த ஒரே காரணத்தால் என் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் எனக்குத் தலை கிடையாது. கேட்டிருக்கிறேனா? கேட்க முடியுமா?

ஆகவே ஷூவை மாட்டிக்கொண்டு, விழுப்புரத்தின் அத்தனை சர்வீஸ் கடைகளையும் ஷேர் ஆட்டோவில் ஒவ்வொன்றாகக் கடந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திண்டிவனம் பஸ் ஏறினேன்.

மடியில் லேப்டாப் பை. குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவன் மாதிரி அணைத்துப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துக்கொண்டே கேட்டார். "இன்னா சார், எதுனா பேஜாரா?"

"வை-ஃபை கார்டைக் காணோங்க."

"எங்க வெச்சீங்க?"

"இதுக்குள்ளதான் இருந்துச்சி."

அவர் என் பையைப் பார்த்தார். சட்டைப் பையைப் பார்த்தார். "நல்லாத் தேடிப் பாருங்க. இல்லன்னா இ-சேவையில எழுதிக் குடுத்தா டூப்ளிகேட் வந்துடும் சார். எங்க வீட்ல ரேஷன் கார்டே அப்படித்தான் எடுத்தோம்." கூடவே ஒரு கைப்பிடி மல்லாட்டையும் கொடுத்தார். அன்று எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் கெடுதல் செய்யாதது அது ஒன்றுதான் என்று பிற்பாடு புரிந்தது.

திண்டிவனத்தில் மச்சான் சேகர் கடை வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க மாமா, வாங்க. அக்கா வரலியா? கயலு எப்படிக்கீது?"

"கயலுக்குத்தாம்பா அவசரம். நாளைக்கு இன்டர்வியூ. கார்டைக் காணோம்."

"இதெல்லாம் ஒரு மேட்டரா மாமா? மொதல்ல டீ சாப்புடுங்க."

டீ வந்தது. டீயோடு பஜ்ஜி வந்தது. பஜ்ஜியோடு அவர்கள் பக்கத்து நிச்சயதார்த்தத்தில் யார் யார் வரவில்லை என்ற விவரம் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு மச்சான் லேப்டாப்பைக் குப்புறப் போட்டு, ஸ்க்ரூக்களைக் கழற்றி ஊறுகாய் பாட்டில் மூடியில் போட்டார். முதுகைத் திறந்து பேட்டரியைப் பிரித்து எடுத்தார். பிறகு, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பச்சைத் துண்டை நோண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"காணோம் காணோம்னீங்க. இதான் மாமா உங்க கார்டு. எங்கயும் போவல."

"எனக்குத் தெரியுதுப்பா. மெஷினுக்குத் தெரியலியே."

"செத்துப் போயிருக்கும்." கார்டை வாங்கி உஃப் என்று ஊதினார். சட்டையில் தேய்த்தார். அது இருந்த இடத்திலேயே செருகினார். "புதுசு மெட்ராஸ்லேர்ந்துதான் வரணும். எதுக்கும் ஒருவாட்டி பாத்துடலாம் இருங்க..."

அப்போது ஒருவர் பிரின்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மச்சான் எழுந்து போனார். பிரின்டர் முடியும்போது ஒரு பள்ளிக்கூடத்து மானிட்டர். அது முடியும்போது ஒரு சிசிடிவி சண்டை.

என்ன செய்வது? வாடிக்கையாளர் என்றால் "எப்பப்பா முடியும்?" என்று அதட்டுவார். சொந்தக்காரன் அதட்ட முடியுமா? ஸ்டூலில் உட்கார்ந்து, தலையில் ஃபேன் காற்றை வாங்கிக்கொண்டு, வாயைத் திறந்து கிடக்கும் என் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரனுடைய மெஷின் கடையில் எப்போதும் கடைசி மெஷின்தான். காரணம் அலட்சியம் இல்லை, பாசம். நாம் எங்கே போய்விடப் போகிறோம் என்ற நம்பிக்கை.

மதியம் மச்சான் ஷட்டரைப் பாதி இறக்கினார். "வாங்க மாமா. உங்க தங்கச்சி மரக்காணத்து மீனு வாங்கி கொழம்பு வெச்சிருக்குது."

"இல்லப்பா, மெஷினு..."

"வந்துட்டு கை நனைக்காமப் போனா அக்கா என்னை வெச்சிருக்குமா?"

மீன் அருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு முள் மட்டும்தான் நினைவிருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் "ஒரு பத்து நிமிஷம்" என்று தரையில் சாய்ந்தார். அவர் குறட்டையை முழுவதுமாகக் கேட்டு முடித்துவிட்டு நாங்கள் கடைக்குத் திரும்பியபோது வெயில் எதிர்ச் சுவருக்கு ஏறியிருந்தது. கடை வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

என் லேப்டாப் போட்டது போட்டபடி கிடந்தது. பேட்டரி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.

"மாமா, நீங்க ஒண்ணு பண்ணுங்க. மெஷினை வெச்சிட்டுக் கெளம்புங்க. காலைல ஃப்ரீயா பாத்து, தெரிஞ்ச கண்டக்டர்கிட்ட குடுத்து அனுப்பறேன். பத்து மணிக்கெல்லாம் விழுப்புரத்துல வாங்கிக்கலாம்."

பதினொரு மணி இன்டர்வியூவுக்குப் பத்து மணிக்கு மெஷின். அதுவும் கண்டக்டர் கையில். அதுவும் மச்சான் காலையில் ஃப்ரீயாக இருந்தால்.

"வேண்டாம், அப்படியே மூடிக் கொடு" என்று நான்கு வார்த்தை. சொல்ல முடிந்ததா? சொன்னால் "என்மேல நம்பிக்கை இல்லியா மாமா" என்பார். அந்த வாக்கியம் விழுப்புரம் வந்து சேர்வதற்குள் பெரிதாக வளர்ந்திருக்கும். அடுத்த விசேஷத்தில் பந்தியில் எனக்கு அப்பளம் வராது.

கடைக்கு வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். கயல் எடுத்தாள்.

"ப்பா, எங்க இருக்குற?"

"முடிஞ்சிடும்மா. காலைல பஸ்ல குடுத்து அனுப்பறேன்னு மாமா..."

"பஸ்லயா?" குரல் உடைந்து வந்தது. "ப்பா, எனக்கு வை-ஃபை வேணாம்ப்பா. ஒண்ணுமே சரி பண்ண வேணாம். மெஷினை மட்டும் எடுத்துக்கினு வாப்பா. எனக்கு அழுகையா வருது."

காலையில் தோசைத் தட்டோடு நின்ற பெண். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே தாண்டுகிறவள். அவள் அழுகையா வருது என்றதும் போனைக் காதோடு பிடித்தபடி கடைக்குள் ஓடினேன். மறுமுனையில் போன் கை மாறியது. மனைவி.

"தம்பிகிட்ட குடுங்க."

கொடுத்தேன். மச்சான் உட்கார்ந்தபடி வாங்கினார். வாங்கியதும் எழுந்து நின்றார். "சரிக்கா... இல்லக்கா... இதோக்கா... மாமா ஒண்ணும் சொல்லலக்கா... சரிக்கா." போனை என்னிடம் தரும்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இருங்க மாமா, ஜல்தியா முடிச்சிடலாம்."

பேட்டரி உள்ளே போனது. முதுகு மூடியது. ஸ்க்ரூக்கள் ஏறின. ஊறுகாய் மூடியில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் கிடந்தது. பார்த்தேன். "அது எக்ஸ்ட்ரா மாமா" என்றார்.

பட்டனை அமுக்கினார். வட்டம் சுற்றியது. விண்டோஸ் வந்தது. மூலையில்... விசிறி. முழுசாக விரிந்த விசிறி.

மச்சான்தான் முதலில் தெளிந்தார். "பாத்தீங்களா மாமா. கை ராசி."

"என்னப்பா பண்ண?"

"ஊதினேன்ல?"

அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இருட்டுவதற்கு முன் மெஷினோடு வீடு வந்து சேர்ந்தேன். கயல் வாங்கித் திறந்து பார்த்துவிட்டு என் தோளில் ஒரு குத்து விட்டாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நல்ல கதையெல்லாம் அத்தோடு முடியும்.

வெள்ளிக்கிழமை காலை. கயல் குளிக்கப் போயிருந்தாள். லேப்டாப் மேஜைமேல் சும்மா இருந்தது. நானும் சும்மா இருந்தேன். இரண்டு பேர் சும்மா இருந்தால் என்ன ஆகும்? லினக்ஸ் பக்கமும் வை-ஃபை வந்துவிட்டதா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாமே... விண்டோஸை முறைப்படி ஷட் டவுன் செய்து, லினக்ஸுக்குள் போனேன்.

விசிறி இல்லை.

விண்டோஸுக்குத் திரும்பி ஓடினேன். அங்கேயும் இல்லை.

ஷட் டவுன், ஆன். கார்டு இருக்கும் பக்கமாக வாயை வைத்து ஊதினேன். மச்சான் ஊதினால் வருகிறது, நான் ஊதினால் வராதா? வரவில்லை.

குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டோடு கயல். என்னைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள்.

"ப்பா. தொட்டியா?"

"லேசா."

அடுப்படியில் அடுப்பு சிம்முக்குப் போகும் சத்தம் கேட்டது.

"இப்பவே கெளம்பினா திண்டிவனம் போயிட்டு..." என்று ஆரம்பித்தேன். கயல் உள்ளங்கையைக் காட்டினாள். போலீஸ்காரர் லாரிக்குக் காட்டுகிற மாதிரி. பிறகு போன் சார்ஜர் ஒயரை எடுத்தாள். ஒரு முனையைப் போனில் செருகினாள், மறுமுனையை லேப்டாப்பில் செருகினாள். போனில் எதையோ ஒரு தட்டு தட்டினாள். லேப்டாப்பில் இன்டர்நெட் வந்துவிட்டது.

வந்துவிட்டது. கார்டு இல்லாமல். பஸ் இல்லாமல். மீன் குழம்பு இல்லாமல்.

"போன்ல இருக்குற நெட்டு ஒயர் வழியா போவும்ப்பா. அதுக்குக் கார்டே வேணாம்."

"இத நேத்து காலைலயே சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேன். நீ ஷூ மாட்டிக்கினு ஓடிட்ட."

பதினொரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இருவரும் ஹாலில். மிக்ஸி போடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது, நான் இருமவும் கூடாது என்று உத்தரவு. கதவுக்குப் பின்னால் இங்கிலீஷில் ஏதோ பேசுகிறாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள். பயந்து சிரிக்கிற சிரிப்பா, நிஜச் சிரிப்பா? நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நிஜச் சிரிப்புதான். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் காலம், வியர்த்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் போனில் நிதானமாகப் படித்தேன். நாம் ஷட் டவுன் என்று அமுக்கினாலும் விண்டோஸ் முழுசாகப் போவதில்லையாம். நம் வீட்டு விருந்தாளி மாதிரி. "சரி, கெளம்பறோம்" என்று எழுந்து ஹாலில் கொஞ்ச நேரம், செருப்பு மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம், வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் பேசுவார்களே... அப்படி ஒரு காலை உள்ளேயே வைத்துக்கொள்ளுமாம். அவர்கள் போய்விட்டார்கள் என்று நம்பி லினக்ஸ் உள்ளே நுழையும். கார்டுக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் மண்டை குழம்பி மயங்கிவிடும். இதற்கு வைத்தியம், பேட்டரியைப் பிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யாரும் அதைத் தொடாமல் விடுவது.

அதாவது, மச்சான் ஊதியதற்கும் வை-ஃபைக்கும் சம்பந்தமே இல்லை. கவனிக்காமல் நாள் முழுக்கப் போட்டு வைத்தாரே... அதுதான் சிகிச்சை. வாடிக்கையாளர் யாரும் வராமல் அவர் அக்கறையாக வேலை பார்த்திருந்தால், கார்டு செத்தது என்று முடிவு கட்டி மெட்ராஸுக்கு எழுதியிருப்பார்.

கயலுக்கு வேலை கிடைத்துவிட்டது. செய்தி வந்ததும் மனைவி முதல் போனைத் திண்டிவனத்துக்குத்தான் போட்டாள். "எல்லாம் உன் கை ராசிடா." மறுமுனையில் மச்சான் நெகிழ்ந்துபோனது ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது. சார்ஜர் ஒயர் விஷயத்தை நானும் கயலும் இதுவரை அவரிடம் மூச்சு விடவில்லை. விடவும் மாட்டோம்.

நேற்று கம்பெனியில் இருந்து புது லேப்டாப் வந்தது. அதன் முதுகில் ஒரு ஸ்டிக்கர். பழுது என்றால் கம்பெனி ஆள்தான் பார்க்க வேண்டுமாம், வெளியாள் யாரும் திறக்கக் கூடாதாம். அந்த ஸ்டிக்கரைப் படித்தபோது என் கண்ணில் தண்ணீர் நின்றது. இனி திண்டிவனம் பஸ் இல்லை.

மனைவியும் படித்தாள். "தம்பி மனசு கஷ்டப்படுவான். புதுசு வந்துக்கீது, அவன்கிட்ட ஒருவாட்டி காட்ட வேணாமா?"

சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். திறக்கத்தான் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். காட்டக் கூடாது என்று எங்கேயும் போடவில்லையே.